சோடாப் புட்டியில் அடைத்த இராப்போஜன ரசம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். ஜின் என்ற சீமைச் சாராயத்தின் பேரும் கர்த்தருடைய பந்தி என்ற சொல்லும் ஒரே தாளில் வரலாமா என்று மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. நான் பாளையங்கோட்டையில் சோடாக் கடை வைத்திருப்பவன். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. வேதப் புத்தகம் வாசிப்பேன், கடைக்குப் பலகை எழுதுவேன், அவ்வளவுதான்.

ஆனால் போன மாசம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், எங்களை யாரென்று அறியாத ஒருவர் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார்: "பாளையங்கோட்டையில ஒரு சோடாக்காரன் பொண்டாட்டி, இராப்போஜனப் பாத்திரத்துல ஜின்னை ஊத்திட்டாளாம்வே. சபையே கிறங்கிக் கிடந்துச்சாம்!" அவருக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டு நின்றவள் என் மனைவி. கரண்டி அசையாமல் ஊற்றி முடித்தாள். வீட்டுக்கு வந்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏங்க, நான் செத்தாலும் இந்தப் பேச்சு சாகாது போலிருக்கு. நடந்ததை நடந்தபடி எழுதி வச்சிருங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

சீமையில் சண்டை தொடங்கிய பிறகு கப்பலில் வரும் சாமான்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. கோயிலில் இராப்போஜனத்துக்குப் பருகக் கொடுக்கிற திராட்சரசமும் நின்றது. உயிர்த்தெழுந்த பண்டிகை நெருங்க நெருங்க எங்கள் சபைப் போதகர் ஐயருக்குக் கவலை. ஐயரம்மா என் மனைவியைக் கூப்பிட்டு, "உன் கை சுத்தமான கை. உலர்ந்த திராட்சையை ஊற வச்சு நீயே ரசம் செஞ்சு தா" என்றார்கள். அதுவரை கோயில் காரியம் எதுவானாலும் எங்கள் தெருவின் பெரிய வீட்டு அக்காள் கைக்குத்தான் போகும். பீடத்து விரிப்பு வெளுப்பதும் பூ வைப்பதும் அவர்கள்தான். இந்தச் செய்தி காதில் விழுந்ததும் அக்காள் தண்ணீர்த் துறையிலேயே வைத்துச் சொல்லிவிட்டார்கள்: "சோடாக் கடை வீட்டுலயா ரசம்? அப்ப பண்டிகை அன்னைக்குக் கோயில்ல எல்லாருக்கும் ஏப்பம்தான் வரும்!"

என் மனைவி ரசம் போட ஒரு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தாள். அன்று முதல் ஜாடிக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் ஜெபம் பண்ணினாள்.

கறுப்புத் திராட்சையை ஊறவைத்துக் கசக்கி, சீனி போட்டு, ஜாடியில் துணி கட்டி மூலையில் வைத்தாள். பங்குனி வெயிலில் ஜாடி சும்மா இருக்குமா? குபுகுபுவென்று பேசிக்கொண்டே இருந்தது. பேச்சு அடங்கினதும் வடிகட்டினாள். இனிப்பா புளிப்பா என்று யார் பார்ப்பது? நானும் அவளும் மதுவிலக்குச் சங்கத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். பந்தியில் பருகுவது வேறு, அடுக்களையில் நக்கிப் பார்ப்பது வேறு. அதனால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணக்குப் போட்டாள். "கசந்துட்டா என் மானம் போகும்" என்று சொல்லி, பனங்கற்கண்டைப் பொடித்துப் புட்டிக்கு ஒரு சிட்டிகை போட்டாள்.

புட்டி என்னுடையது. கழுத்தில் கோலி உருளும் சோடாப் புட்டி, ஆறு. ரசத்தை ஊற்றித் தலைகீழாய்க் கவிழ்த்தேன். கோலி வந்து வாயை அடைத்தது. கொஞ்சம் கசிந்தது, பிறகு நின்றுவிட்டது. கோலியை அங்கே பிடித்து நிறுத்துவது உள்ளே இருக்கிற காற்றுதான் என்பது சோடாக்காரனுக்குத் தெரியாதா? தெரியும். இந்த ரசத்துக்குள் காற்று எங்கிருந்து வந்தது என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. "பாத்தியாளா, எப்படிப் பிடிச்சுக்கிட்டு!" என்று அவளிடம் பெருமைதான் அடித்தேன்.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம். நிறம் பார்க்கலாம் என்று அவள் ஒரு புட்டியை எடுத்துக் கோலியை விரலால் அழுத்தினாள். டப்பென்று வெடித்து, செந்நுரை அவள் முகத்திலும் சுவரிலும் கொட்டியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கெட்டுப் போச்சுங்க. பொங்குது பாருங்க. அக்கா சொன்னது பலிச்சுட்டு."

"கெட்டதா நல்லதான்னு குடிச்சுப் பாத்தால்ல தெரியும்."

"யாரு குடிப்பா? நீங்களா?"

நான் தெருப் பக்கம் எட்டிப் பார்த்தேன். தெருவில் குடிக்கத் தெரிந்தவர்கள் சிலர் உண்டு. ஆனால் அவர்களிடம் கோயில் ரசத்தை நீட்டினால், பொழுது விடிவதற்குள் திருநெல்வேலி முழுக்கச் செய்தி போய்விடும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ஆற்றுக் கால்வாய் அளக்க வந்திருந்த வெள்ளைக்கார இன்ஜினீயர் துரை. தினமும் அவருடைய பட்லர்தான் சோடா வாங்க வருவான். அவன் பண்டிகைக்காகக் குலசேகரன்பட்டினத்துப் பக்கம் மாமியார் வீட்டுக்குப் போயிருந்ததால் துரையே வந்துவிட்டார். சைக்கிளில் தொங்கிய தோல் பையில் ஜின் புட்டி எட்டிப் பார்த்தது.

"அண்ணாச்சி, சோடா" என்றவர் சுவரைப் பார்த்தார். தரையில் கிடந்த புட்டியைப் பார்த்தார். அதில் மிச்சம் இருந்ததைக் கேளாமலே எடுத்து மோந்து, ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். நானும் அவளும் நியாயத்தீர்ப்புக்கு நிற்கிறவர்கள் மாதிரி நின்றோம்.

"இது யார் செஞ்சது? எங்க ஊர்ல பெரிய கல்யாணத்துக்கு மட்டும் இது திறப்பான்! பிரான்சு தேசம் இப்படித்தான் செய்யுது, புட்டிக்குள்ள சீனி போட்டு காத்து ஆக்குது!"

"கெடலையா துரை?"

"கெட்டுதா? அண்ணாச்சி, எலுமிச்சம்பழம் கொண்டா. சீனி கொண்டா. நான் சொல்லுது, நீ செய்யுது."

நல்ல செய்தி கேட்ட சந்தோஷத்தில் நான் மறுக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல, மூடியுள்ள தூக்குச்சட்டியில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு கரண்டி சீனி போட்டேன். ஜின்னை அவரே அளந்து ஊற்றினார். பச்சிலையும் கற்பூரமும் சேர்ந்த வாடை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், வாடைக்குச் சங்கத்தில் விலக்கு உண்டா என்று கேட்டதில்லை. கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துணியைச் சட்டியில் சுற்றி, "குலுக்கு, குலுக்கு" என்றார். குலுக்கினேன். கண்ணாடித் தம்ளரில் வடித்து, இன்னொரு புட்டியின் கோலியை அழுத்தி, பைய மேலே ஊற்றினேன். தம்ளருக்குள் முத்து முத்தாய்க் கிளம்பியது. பொய் சொல்லக் கூடாது, பார்க்க அழகாய் இருந்தது.

துரை குடித்தார். இன்னொன்று கேட்டார். அதையும் குடித்துவிட்டு மூன்றாவது புட்டிக்குக் கை நீட்டினார். கதவுக்குப் பின்னால் போய் நின்றிருந்த என் மனைவியின் குரல் வந்தது:

"ஏங்க, அதையும் குடுத்துட்டா நாளைக்கு ஐயர் பாத்திரத்துல சோடாவையா ஊத்துவாரு?"

துரை என்னைப் பார்த்தார். அப்போதுதான் அது எதற்கான ரசம் என்று சொன்னேன். அவர் முகம் ரசத்தைவிடச் சிவந்தது. தொப்பியைக் கழற்றி, தம்ளரைப் பைய கீழே வைத்தார்.

"ஏன் முன்னாடி சொல்லலை?"

"நீங்க எங்க சொல்ல விட்டீங்க?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே இருப்பவள் சிரிக்கவில்லை. துரை ஜின்னைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சோடாவை மறந்து போய்விட்டார்.

"நல்ல ரசம்னு தெரிஞ்சுட்டுல்ல? இன்னும் ஏன் அழுத?" என்றேன்.

"நுரையோட பீடத்துல வைக்க முடியுமா? கோயிலுக்குள்ள டப்புன்னு வெடிச்சா அக்கா என்ன சொல்லுவா?"

சோடாவுக்குள் காற்றை ஏற்றத்தான் எனக்குத் தெரியும், இறக்கத் தெரியாது. விடியற்காலையில் எழுந்து பார்த்தால், அவள் குளித்து முழுகி, இரண்டு செம்பை வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த நாலு புட்டி ரசத்தையும் கருப்பட்டிக் காப்பி ஆற்றுகிற மாதிரி ஆற்றிக்கொண்டிருந்தாள். மேலே தூக்கி ஊற்றுவாள், கீழே ஏந்துவாள், நடுவில் ஒரு ஸ்தோத்திரம். நுரை எழும்பியது, குறைந்தது, கடைசியில் ரசம் நல்ல பிள்ளையாய் அடங்கியது.

ஆராதனையில் ஐயர் பாத்திரத்தை உயர்த்தினபோது என் மனைவி தலை நிமிரவே இல்லை. வெடிக்கவில்லை, பொங்கவில்லை. பெரிய வீட்டு அக்காள் முதல் வரிசையில் போய் முழங்கால் படியிட்டுப் பருகித் திரும்பி, எங்களுக்கு முன் பெஞ்சில் அமர்ந்தார்கள். பிறகு மெல்லிசாய் ஒரு ஏப்பம். அக்காள் சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். என் மனைவி ஜெபப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதை நான் மட்டும் பார்த்தேன்.

வெளியே வந்ததும் அக்காள் சொன்னார்கள்: "ரசம் நல்லாத்தான் இருந்துச்சுளா. கொஞ்சம் சுறுசுறுன்னு இருந்துச்சு."

"பனங்கற்கண்டு போட்டேன்க்கா. அதுவா இருக்கும்."

அன்று கடைசிப் பெஞ்சில் துரையும் வந்து உட்கார்ந்திருந்தார். அதுவரை எங்கள் கோயிலில் கால் வைக்காதவர். அவர் ஏன் வந்தார் என்று ஊர் யோசித்தது. முந்தின சாயங்காலம் அவர் சைக்கிள் எங்கள் வாசலில் நின்றதை யாரோ பார்த்திருந்தார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டதில் பிறந்ததுதான் அந்த ஜின் கதை. ஐயரிடம் அவள் அந்த வாரமே போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஐயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "அடுத்த பண்டிகைக்கும் நீயே செய்யம்மா. ஆனா சோடாப் புட்டி வேண்டாம்" என்றார். அப்படியே இன்றுவரை அவள்தான் செய்கிறாள்.

இதை வாசிக்கிற சகோதரரே, சகோதரியே, யாருக்காவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். துரை குடித்தது ஜெபிக்கப்படாத ரசம், ஜின் விழுந்தது என் வீட்டுத் தூக்குச்சட்டியில். அதை அங்கேயே விட்டுவிடுங்கள், கோயிலுக்குள் தூக்கிக்கொண்டு போகாதிருங்கள். பெரிய வீட்டு அக்காளின் ஏப்பத்தையும் பெரிதாக்க வேண்டாம். அது சின்ன ஏப்பம்தான்.