கெட்டி மெத்தைக்கு மேல் இரண்டு அங்குலம்

என் கணவருக்குத் துறைமுகத்தில், கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர் வேலை. போன வருடம் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எங்கள் பழைய இலவம்பஞ்சு மெத்தை நடுவில் குழி விழுந்து கிடந்ததைக் கேட்ட டாக்டர், "கொஞ்சம் கெட்டியான மெத்தையா மாத்துங்க" என்றார். அந்தக் "கொஞ்சம்" ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி எங்களோடு வரவில்லை.

மெத்தைக் கடையில் இவர் ஒவ்வொரு மெத்தையையும் தேங்காயைத் தட்டுவதுபோல விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கடைசியில் ஒன்று 'டொக்' என்றது. முகம் மலர்ந்துவிட்டது.

"இத விடக் கெட்டியா இருக்கா அண்ணாச்சி?"

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இத விடக் கெட்டின்னா கதவுதான் இருக்கு."

நான் ஒருக்களித்துப் படுக்கிறவள். ஒரே வாரத்தில் இடது தோள் மரத்துப்போய், காலையில் தோசையைத் திருப்பக் கை வரவில்லை. சொன்னால், "மெத்தை படியணும்லா? ஒடம்பு தானாப் பழகிக்கிடும்ளா" என்பார். அப்படிச் சொன்னவர்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவி பார்க்கப் போகிறேன் என்று சோபாவில் சாய்ந்து, டிவியைப் போடாமலே குறட்டை விட்டார்.

ஏதோ பயிற்சி என்று அவர் நான்கு நாள் கொச்சிக்குப் போனார். நான் அதே கடைக்குப் போனேன்.

"மெத்தையத் திருப்பி எடுக்க மாட்டோம்மா" என்று கடைக்காரர் முந்திக்கொண்டார்.

திருப்பித் தர வரவில்லை, தோள் அமுங்க ஒரு வழி சொல்லுங்கள் என்றேன்.

"அப்படின்னா டாப்பர் வாங்கிப் போடுங்க. மெத்தைக்கு மேல விரிக்கிற சின்ன மெத்தை. அடியில உள்ள கெட்டி இடுப்பத் தாங்கும், மேல உள்ள மெது தோள வாங்கிக்கிடும். ரெண்டு இஞ்ச் போதும். ரொம்பத் தடியாப் போட்டா மறுபடியும் குழிக்குள்ளதான் கெடப்பிய."

வாங்கி வந்த டாப்பரை ரப்பர் வாடை போக ஒரு நாள் ஃபேனுக்கு அடியில் விரித்துப் போட்டேன். பிறகு மெத்தை மேல் போட்டு, நான்கு மூலையிலும் அதன் எலாஸ்டிக்கை மாட்டினேன். பழைய விரிப்பு எட்டவில்லை. பெரிய விரிப்பாக ஒன்று வாங்கி மூடினேன். மறைக்கிற எண்ணம் சத்தியமாக இல்லை. அவர் வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

வந்தவர் பயணக் களைப்பில் படுத்துவிட்டார். காலையில் எழுந்ததும் முதல் பேச்சே, "பாத்தியாளா? படிஞ்சிட்டு! நான் அன்னைக்கே சொன்னேம்லா?"

வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பல் தேய்த்துக்கொண்டே கெட்டி மெத்தையின் மகிமையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பிறகு யார்டில் யார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் இவர் விடவில்லை. அதில் ஒருவர் நம்பிவிட்டார். இவரைவிடப் பத்து வயது இளையவர், இவருக்குக் கீழே வேலை பார்ப்பவர். அதே கடையில் அதே மெத்தையை வாங்கிப் போட்டுக்கொண்டார். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு, கோயிலில் பூசை முடிந்த கையோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, மெத்தை அப்படியேதான் இருக்கு. நாந்தான் படிஞ்சிட்டேன்."

"பொறுமை வேணும்டே" என்றார் இவர். "உள்ள வந்து எங்க மெத்தையில படுத்துப் பாரு."

"மொதல்ல காபி குடிப்போமே" என்றேன். யார் காதிலும் விழவில்லை.

அவர் படுத்தார். கண்ணை மூடினார். "அண்ணாச்சி, இது சொர்க்கம்லா!" எழுந்திருக்க மனமே இல்லை. அவர் மனைவி மட்டும் ஓரத்தில் கையை வைத்து அமுக்கினார். இன்னொரு தரம் அமுக்கினார். பிறகு, வீட்டு வேலை தெரிந்த எவளும் செய்வதைச் செய்தார். விரிப்பின் நுனியைத் தூக்கினார்.

"மைனி, இங்கன ரெண்டுல்லா இருக்கு?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். என் கணவர் குனிந்து, டாப்பரும் மெத்தையும் சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"எப்பம் போட்ட?"

"நீங்க கொச்சிக்குப் போனப்பம்."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா படுத்திருப்பியளா?"

யோசித்தார். அந்த நேர்மைக்காகத்தான் இத்தனை வருடம் அவரோடு குடும்பம் நடத்துகிறேன். "மாட்டேன்" என்றார். கட்டிலில் கிடந்தவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் இவரும். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் வெட்கமும். உண்மையைச் சொல்ல எத்தனையோ காலைகள் கிடைத்தும், அவர் பிரசங்கத்தை நான் ரசித்துக்கொண்டுதானே இருந்தேன்.

அன்று சாயங்காலமே இவர் அவரைக் காரில் கூட்டிப்போய் ஒரு டாப்பர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது அந்த வீட்டிலும் எல்லாரும் நன்றாகத் தூங்குகிறார்களாம். போன வாரம் அவர் மனைவி போனில் சொன்னார்: யார்டில் இவர் புத்தி சொல்வதை இன்னும் நிறுத்தவில்லை, பாடத்தில் மட்டும் ஒரு திருத்தம்.

"கெட்டி மெத்தை வாங்கு. மேல ரெண்டு இஞ்ச் டாப்பர் போடு. நான் போட்டுப் பாத்துட்டுத்தாம்டே சொல்லுதேன்."