வெர்லின் ஹாக் பெயர்த்த தூண்

“யுலாலியாகிட்ட உன் பாஷையில சொல்லு, சிலுவையை எடுக்கச் சொல்லி அரசாங்க உத்தரவுன்னு,” என்றார் வெர்லின் ஹாக்.

உத்தரவு வந்திருக்கிறதா என்று கேட்டேன்.

“வந்த மாதிரிதான்.”

தாளைக் காட்டினால் படித்துச் சொல்கிறேன் என்றேன்.

“ரெண்டு பாஷை படிச்சது என்னைக் குறுக்குக் கேள்வி கேட்கத்தானா? நீ சொன்னா நம்புவா. போ.”

வயோமிங்கில் பழைய லிங்கன் நெடுஞ்சாலை ஓரமாக அவர் மோட்டல் நடத்தினார். நான் வரவேற்பு மேசையில் இருந்தேன். யுலாலியா என் தாய்மொழியான ஸ்பானிஷ் மட்டும் பேசுவார். அறைகளைச் சுத்தம் செய்தார். நாட்டின் இரு கரைகளையும் இணைத்த அந்தக் கார்ச் சாலையில், 1928இல் சாரணர்கள் வழிகாட்டும் கான்கிரீட் தூண்களை நட்டார்கள். எங்கள் ஊர்த் தூண் நின்றது ஊருக்கு வெளியே உள்ள வளைவில். வெர்லின் அதை டிராக்டர் கட்டிப் பிடுங்கி மோட்டல் வாசலில் நட்டு, ‘1928 முதல் இங்கேயே’ என்று பலகை மாட்டினார். மோட்டல் கட்டியதே 1961இல். பிடுங்கிய குழியை மூடக்கூட அவருக்கு உடம்பு வளையவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அதே வளைவில் வண்டி கவிழ்ந்து யுலாலியாவின் மகன் இறந்தான். உறைந்த நிலத்தில் கடப்பாரை இறங்கவில்லை. திறந்து கிடந்த தூண் குழியில் யுலாலியா அவன் நினைவாகச் சிலுவையை நட்டார்.

ஜூனில் பழங்காலக் கார்களில் ஊர்வலம் போகும் சங்கத்தார் பதினொரு அறை கேட்டு எழுதினார்கள். ஒவ்வொரு தூணும் வரைபடப்படி பழைய இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். வெர்லினுக்கு உடனே குழி வேண்டியதாயிற்று.

உத்தரவு எதுவும் இல்லை என்பதையும் சேர்த்தே யுலாலியாவிடம் சொன்னேன். அவர் படுக்கை விரிப்பை மடித்து முடித்தார்.

“அவனே வந்து பிடுங்கட்டும், கண்ணு. நான் அங்கதான் நிப்பேன்.”

கார்கள் வரவிருந்த காலையில் அங்கேயே நின்றார். தூணோடு வந்த வெர்லின் அவரைப் பார்த்தார். சாலையில் எழுந்த புழுதியையும் பார்த்தார். இரண்டடி தள்ளி அவசரமாகப் புதுக்குழி தோண்டித் தூணை நட்டார். வந்தவர்கள் சிலுவைக்குத் தொப்பி கழற்றினார்கள். அதைப் பார்த்துத்தான் வெர்லினும் கழற்றினார். கேமராவைக் கண்டதும் யுலாலியாவின் தோளில் கை போட்டார். அவர் விலகி நின்றார்.

அந்தப் படம் பெரிதாக்கப்பட்டு என் மேசைக்கு மேலே ஏறியது.

“கீழே ரெண்டு வரி எழுதிக் குடு,” என்றார் வெர்லின். “அந்தப் பையனைச் சொந்தப் பிள்ளையா நெனச்சேன்னு, ரெண்டு பாஷையிலயும். அவன் பேரு எனக்குத் தெரியல. அவகிட்டயே கேட்டுப் போட்டுடு.”