போஸ்ட்மாஸ்டரின் பூண்டுத் தண்ணீர்

எழுபதுகளில் எங்கள் மலையூரான வட்டவடைக்கு மாற்றலாகி வந்த போஸ்ட்மாஸ்டர் பாலக்காட்டுக்காரர். ஒல்லியான உடம்பு, நெற்றி நிறைய விபூதி. வீட்டில் பூண்டே சேர்க்கமாட்டார்கள்.

அவர் கொல்லையில் போட்டிருந்த முட்டைக்கோஸில் புழு விழுந்தபோது, பக்கத்து வீட்டுப் பூண்டு விவசாயியான நான், பூண்டை நசுக்கித் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே என்னிடம் பூண்டு வாங்கிப் போனார்.

அடுத்த வாரம் ஒரு காலையில், கொல்லையில் பச்சைத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தார்.

“இந்தக் குளிர்லயா சார்?” என்றேன்.

“தெளிச்ச கையோட ஆத்துக்காரி உள்ளே விடமாட்டா, கேட்டேளா! ஆனா புழு ஒண்ணையும் காணலையாக்கும்,” என்று நடுங்கிக்கொண்டே சிரித்தார்.

புழு போன பிறகும் அவர் தெளிப்பதை நிறுத்தவில்லை. குளித்ததும் விரல்களை ஒருமுறை நன்றாக முகர்ந்துவிட்டுத்தான் உள்ளே போவார். வாசம் போய்விட்டதா என்று பார்த்தாரா, கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தாரா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை.