ரோஸ் தாளில் மடித்த பாம்படம்

அண்ணாச்சி இல்லாமல் ஓர் ஆடித்தபசு கழிந்துவிட்டது. நினைவு மலரில் நல்லதை மட்டுமே எழுத வேண்டுமாம். என் வயிற்றெரிச்சலை ஒதுக்கிவிட்டு அண்ணாச்சியைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

இளையரசனேந்தலில் பிறந்த அண்ணாச்சி, அப்பா காலமானதும் எங்களைச் சங்கரன்கோவிலுக்கு அழைத்து வந்து, யுத்தகாலப் பஞ்சத்திலும் பட்டினி போடாமல் காப்பாற்றினார். தம் நகைக்கடைக்குப் பக்கத்திலேயே எனக்கும் ஒரு கடை வைத்துக் கொடுத்தார். அங்கிருந்துதான் என் பொறாமை ஆரம்பமாயிற்று.

காது வளர்த்த பெண்கள் போடும் பாம்படத்துக்கு உள்ளே அரக்கு, மேலே மெல்லிய தங்கத் தகடு. தங்கம் கொஞ்சம், வேலை மலையளவு. எடைக்குக் கூலி வாங்கினால் செய்தவன் பட்டினிதான். அண்ணாச்சி எத்தனை நாள் உட்கார வேண்டும் என்று பார்த்துக் கூலி சொல்வார். சல்லி குறைக்க மாட்டார். சனங்களும் சிரித்த முகத்தோடு கொடுப்பார்கள். நான் பாதிக் கூலி சொல்லியும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். வேலை என்னுடையதுதான் சுத்தம், பெயர் மட்டும் அவருக்கா?

ஒரு நாள் சிவகிரி அம்மாள் ஒருவர் அண்ணாச்சி கடையிலிருந்து நேரே என்னிடம் வந்தார். கையில் ஒரு ரோஸ் தாள் பொட்டலம். அந்த மடிப்பு அண்ணாச்சியுடையது. பிரித்தால் உள்ளே பழைய பாம்படம்.

“ஆசாரியாரே, ரெண்டாவது மகளுக்கு இதே மாதிரி ஒரு சோடி வேணும். கூலி எவ்வளவு?”

மடிப்பைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டது.

“இதெல்லாம் ஒரு வேலையா? ஒட்டு பல்லைக் காட்டுது. பாதிக் கூலிக்கு இதைவிட நல்லாச் செஞ்சு தாரேன்.”

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார்.

“நல்லாருக்குவே! இது நீரு செஞ்சதுதான். இதே மாதிரி செஞ்சு தரச் சொல்லி அண்ணாச்சிகிட்டக் கேட்டேன். ‘இது என் தம்பி கை, எனக்கு இவ்வளவு சுத்தமா வராது. என் கூலியைப் போல ஒண்ணரைப் பங்கு கேட்டாலும் குடுங்க’ன்னு மடிச்சுக் குடுத்து அனுப்புனாரு. நீரு என்னன்னா பாதிங்கீரு!”

பாதிதான் கொடுத்தார். அதை வாங்கிப் பெட்டியில் போட்டேன்.

சேதி அண்ணாச்சி காதுக்கும் எட்டியது. “ஏலே, உன் வேலைய நீயே தாழ்த்திச் சொன்னா, நான் எங்கன போயி ஏத்துதது?” என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. என் வேலையை உயர்த்திச் சொல்ல அவருக்கு மனசு வந்ததே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். அவருடைய வேலையைப் பற்றி நான் ஒரு நாளும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

அண்ணாச்சி காமாலையில் படுத்திருந்தபோது முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மதினிக்கும், அழைத்தபோதெல்லாம் ஓடி வந்த வைத்தியருக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பதினாறாம் நாள் சிவகிரி அம்மாளும் வந்து அழுதார். அவர் காதில் ஆடிய பாம்படத்தைப் பார்த்து, செய்தது யார் என்று யாரோ கேட்டார்கள்.

“அண்ணாச்சிக்குத் தம்பி” என்றார் அந்த அம்மாள்.

அங்கேயும் அண்ணாச்சி பெயர்தான் முந்திக்கொண்டது. பொறாமை எங்கே போகும்? ஆனால் அவர் தம்பி என்று எனக்குப் போட்ட அந்த விலைக்கு நான் பேரம் பேசவில்லை.