அருந்ததி இல்லாத ஊரில் கல்யாணம்

எனக்கும் இவருக்கும் கல்யாணம் கூடிவந்ததற்குக் கிரேக்கர்கள்தான் காரணம். அது முறிந்துபோகப் பார்த்ததற்கும் அவர்களேதான்.

ஆக்லாந்துக்கு வந்த இரண்டாம் குளிர்காலத்தில், வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை என்று அலுத்துப்போய், ஹென்டர்சனில் ஒரு வாசிப்பு வட்டத்தில் சேர்ந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் கூடி, நட்சத்திரங்களைப் பற்றிய பழைய கிரேக்கப் பாட்டுகளை ஆங்கிலத்தில் வாசிப்போம். ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொண்டுவர வேண்டும் என்பதைத் தவிர வேறு சட்டம் கிடையாது. நான் பாட்டுக்காகப் போனேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். அந்த அறையில் ஹீட்டர் நன்றாக வேலை செய்யும்.

போகப் போகப் பிடித்துவிட்டது. கிரேக்கர்கள் வானத்தைப் பார்த்து வயலுக்குப் போனவர்கள். ஏழு சகோதரிகள் விடியலில் கிழக்கே எழுந்தால் அறுவடை, மேற்கே இறங்கினால் உழவு என்று பாட்டாகவே பாடி வைத்திருக்கிறார்கள். அந்த ஏழு பேரும் வேறு யாருமில்லை, நம் கார்த்திகைதான். இந்த ஊர் மாவோரிகளுக்கு அதே கூட்டம் மாதாரிகி. நடுக்குளிரில் அது விடியலில் எழும்போது அவர்களுக்குப் புதுவருஷம், எனக்கு ஆபீஸ் லீவு. ஓரியன் என்ற வேட்டைக்காரன் கதை இன்னும் வேடிக்கை. பூமியில் இருக்கும் மிருகங்களையெல்லாம் கொன்று தீர்ப்பேன் என்று பீற்றிக்கொண்டவனை ஒரு தேள் கொட்டிச் சாய்த்துவிட்டதாம். கிரேக்க வானத்தில் இடுப்பில் வாளோடு நிமிர்ந்து நிற்கிற அந்த வீரன், இங்கே தலைகீழாகத் தொங்குகிறான். அவனுடைய இடுப்புப் பட்டையையும் வாளையும் சேர்த்துப் பார்த்து, இந்த ஊர்க்காரர்கள் அதைச் சமையல் பாத்திரம் என்கிறார்கள். பீற்றலுக்கு அவனுக்கு இது வேண்டியதுதான் என்று நான் சொன்னபோது, வட்டத்தில் வாய்விட்டுச் சிரித்தவர் ஒருவர். அவர்தான் இவர்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்னப் பையனாக அம்மாவோடு இங்கே வந்தவர். மருத்துவமனையில் நர்ஸ். நான் திருச்சிக்காரி. அன்று முதல் நான் பேசினேன், அவர் கதைத்தார். ஒரு வருஷத்துக்குள் கல்யாணம் என்று முடிவாகிவிட்டது.

இவருடைய அப்பா காலமாகிப் பல வருஷமாகிறது. பிளாட் புஷ்ஷில் இவரோடு இருக்கும் அம்மாவை நான் மாமி என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன். மாமிக்கு என்னைப் பிடித்திருந்தது என்பதற்கு அத்தாட்சி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டுக்கு வந்து சேரும் புட்டும் சொதியும். கல்யாணத்துக்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. நகை வேண்டாம், பெரிய மண்டபம் வேண்டாம், எந்த நாட்டு முறைப்படி வேண்டுமானாலும் நடக்கட்டும். "ஆனா அம்மி மிதிச்சு அருந்ததி பாக்கோணும். அதை மட்டும் விடக்கூடாது."

தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் எனக்கு நாக்கு நீளம். போதாக்குறைக்கு, அதற்கு முந்தின சனிக்கிழமைதான் வட்டத்தில் பெரிய கரடியின் கதையை வாசித்திருந்தோம். கிரேக்கர்கள் பெரிய கரடி என்று சொன்ன கூட்டம்தான் நம் சப்தரிஷி மண்டலம். அதன் வாலில் வசிஷ்டர், அவரை ஒட்டினாற்போல் மங்கலாக அருந்ததி. ஆக்லாந்து உலகத்தின் தெற்குக் கோடியில் இருப்பதால், அருந்ததி இங்கே தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. இவர் போனில் கணக்குப் போட்டே காட்டியிருந்தார்.

"அருந்ததி இந்த ஊர்ல கிடையாது, மாமி. ராத்திரியிலகூடத் தெரியாது. பகல்ல கார் பார்க்ல நின்னுக்கிட்டு எப்படிப் பார்க்கிறது?" என்றேன்.

மாமி கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப இஞ்ச கலியாணம் கட்டின சனம் எல்லாரும் பொய்யோ சொன்னவை?"

"ஆமா" என்றேன். நான் மென்பொருள் சோதனை செய்கிறவள். இல்லாததை இருக்கிறது என்று டிக் போட்டால் அந்த வேலை நமக்கு நிலைக்காது. தாலி கட்டிக்கொண்ட அதே நிமிஷத்தில், இத்தனை பேர் முன்னால், தெரியாத ஒன்றைத் தெரிகிறது என்று சொல்ல மாட்டேன் என்று பிடிவாதமாகச் சொன்னேன். கணக்குப் போட்டுக் காட்டிய மனுஷர் எனக்குத் துணைக்கு வருவார் என்று பார்த்தால், அவர் பருப்பில் இருந்த கறிவேப்பிலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு புட்டு வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. மாமி என்னைத் திட்டவில்லை, கல்யாணம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மண்டபம் பற்றிக் கேட்டால், "நீங்கள் படிச்ச ஆக்கள், உங்களுக்குத் தெரியும்" என்று போனை இவரிடம் கொடுத்துவிடுவார். அம்மாவின் மனசு ஒப்பாமல் மாலை மாற்றப் போவதில்லை என்று இவர் ஒருநாள் மெதுவாகச் சொன்னார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம்தான் இருந்தது.

விட்டேனா பார் என்று ஒரு காலையில் பஸ் பிடித்து, இரண்டு இடத்தில் மாறி, பிளாட் புஷ்ஷுக்குப் போய் இறங்கினேன். மாமி தோட்டத்தில் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தார். நான் புல்லிலேயே உட்கார்ந்து கரடியின் கதையை ஆரம்பித்தேன்.

"அவ ஒரு காட்டுப் பொண்ணு, மாமி. தேவர்களுக்கெல்லாம் ராஜா அவளை ஏமாத்திட்டான். ராஜாவோட பொண்டாட்டிக்கு அவனைக் கேட்கத் துப்பு இல்ல. அந்தப் பொண்ணைப் பிடிச்சுக் கரடியா மாத்திட்டா."

"எந்த நாட்டிலயும் உதுதானே நடக்குது" என்றார் மாமி, செடியைப் பார்த்தபடி.

"அப்புறம் அவளை வானத்துல நட்சத்திரமா வச்சாங்க. அதுவும் ராணிக்குப் பொறுக்கல. கடல் ராஜாகிட்டப் போய், இவளை மட்டும் தண்ணிக்குள்ள விடாதேன்னு கேட்டுக்கிட்டா. மத்த நட்சத்திரமெல்லாம் தினம் கடல்ல இறங்கிக் குளிக்கும். இவ மட்டும் குளிக்க வழியில்லாம மேலேயே சுத்திக்கிட்டு இருக்கா."

மாமி குழாயை நிறுத்தினார். "குளிக்கவும் விடேல்லையோ? பாவி."

"ஆனா அது வடக்குல இருக்கிறவங்களுக்குத்தான். நம்ம ஊர்ல இருந்து பார்த்தா அவ வாலும் அருந்ததியும் கடலுக்குள்ளதான் இருக்கு. எல்லாரும் வந்து குடியேறின மாதிரி அவளும் இங்க வந்துதான் நிம்மதியாக் குளிக்கிறா. அதனாலதான் அருந்ததி தெரியல, மாமி. இல்லாம இல்ல."

மாமி சிரித்துவிட்டார். மூன்று வாரத்துக்குப் பிறகு கேட்கும் சிரிப்பு. எனக்கு உயிர் வந்தது. உள்ளே போய் ஒரு தட்டில் புட்டு கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்தார்.

"நல்ல கதைதான். ஆனா நான் நட்சத்திரத்துக்காகக் கேக்கேல்லைப் பிள்ளை" என்றார். "அந்த நாளில நாங்கள் வெளியில வந்து அண்ணாந்து பாக்கிறதெண்டா ஒண்டுக்குத்தான். குண்டு போட பொம்மர் வருதோ எண்டு பாக்க. எங்கட கலியாணத்தண்டு தாலி கட்டினதும் சத்தம் கேட்டிட்டுது. ஐயர், நான், உன்ர மாமா, வந்த சனம் எல்லாரும் பங்கருக்குள்ள இறங்கிட்டம். கூறைச்சீலை முழுக்க மண். அருந்ததி பாக்கிறது ஒருத்தருக்கும் ஞாபகம் வரேல்லை."

நான் கையில் எடுத்த புட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

"உனக்குத் தெரியுதோ இல்லையோ, எனக்கு அதில ஒண்டுமில்லை. பொய் சொல்லவும் வேண்டாம். நீங்கள் ரெண்டு பேரும் வெளியில வந்து, ஓடாமல் ஒளியாமல் நிண்டு மேல பாக்கோணும். அவ்வளவு காணும்."

என் கணக்கையும் தொடுவானத்தையும் தூக்கி எங்கே போட்டுக்கொள்வது என்று தெரியவில்லை. எழுந்து போய் மாமியைக் கட்டிக்கொண்டு அழுதேன். "சரி, சாப்பிடு, ஆறுது" என்றார்.

கிளென் ஈடனில் ஒரு சின்ன மண்டபத்தில் கோடைக்காலத்தில் கல்யாணம். காலையில் மழை கொட்டியது. ஆக்லாந்து மழைக்கு முகூர்த்தமா தெரியும்? மேளத்துக்கு ஆள் கிடைக்காமல் போனில் நாதஸ்வரம் வைத்தோம். இவர் மூன்று முடிச்சுப் போடுவதற்குள் முதல் முடிச்சே இரண்டு தடவை நழுவிவிட்டது. ஊசி போடுகிற கையா இது என்று நான் காதோடு கேட்டேன். அம்மி கிடைக்காததால் ஒரு தோட்டக் கல்லில் மஞ்சள் தடவி வைத்திருந்தார்கள். அதை மிதித்து முடித்ததும், ஐயர் எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போனார். மழை விட்டிருந்தது. நான் திரும்பிப் பார்த்து, வாசலிலேயே நின்றுவிட்ட மாமியின் கையைப் பிடித்து இழுத்து, எங்கள் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன்.

ஐயர் வடக்கே கையைக் காட்டி, "அருந்ததி தெரியுதோ?" என்றார்.

நானும் இவரும் அண்ணாந்து பார்த்தோம். கழுவிவிட்ட மாதிரி நீலம். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமியின் குரல் கேட்டது. எங்களைப் பார்ப்பதற்காக வந்தவர், தானும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டும் இல்லை, ஐயா" என்றார்.

ஐயர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். மாமி அவரைக் கவனிக்கவில்லை. ஒரு கையால் என் கையையும் மறுகையால் இவர் கையையும் பிடித்துக்கொண்டு, வடக்கிலிருந்து கிழக்கு வரைக்கும் வானத்தை நிதானமாகப் பார்த்தார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

"வடிவாப் பாருங்கோ பிள்ளையள்" என்றார். "ஒண்டுமே இல்லை."