குழாய்க்குள் கம்பி

தேன்மொழியின் வலது கை அரம் பிடித்திருந்தது. இடது கை கேட்டின் சதுரக் குழாயை அமுக்கிக்கொண்டிருந்தது. பிசிறு போனதும் ஒரு கெட்டிக் கம்பியை எடுத்துக் குழாய்க்குள் செருகினாள். குழாயின் வாயில் சிறு தகடு வைத்துப் பற்றவைத்து மூடினாள். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் குழாய்தான்.

பேட்டையில் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்யும் சின்னப் பட்டறை அவளுடையது. பின்கட்டில் படுக்கையாய்க் கிடக்கும் அவள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் பகலில் போகிறேன். அதனால் இந்தக் கம்பி விஷயம் எனக்குத் தெரியும். பதினொரு வருஷத்துக்கு முன் அவள் செய்த முதல் கேட் கீலுக்குப் பக்கத்தில் வளைந்துவிட்டது. வீட்டுக்காரர் தெருவில் நின்று, "பொம்பள பத்தவச்சா இப்படித்தான் இருக்கும்" என்றார். அன்றிலிருந்து எந்தக் குழாயையும் அவள் காலியாக விட்டதில்லை. கேட் கனமாக இருந்தால் யாரும் குறை சொல்வதும் இல்லை.

ரோபோவில்தான் மாட்டிக்கொண்டாள்.

பொறியியல் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் ப்ரீதாவும் முகுந்தனும் ஒரு ரோபோவுக்கு இரும்புச் சட்டம் செய்ய அவளிடம் வந்திருந்தார்கள். இன்னொரு ரோபோவை முட்டிக் கவிழ்க்கிற போட்டி. பதினைந்து கிலோவுக்கு மேல் ஒரு கிராம் இருந்தாலும் களத்தில் இறக்க விடமாட்டார்கள். எடை பார்ப்பது மறுநாள் காலை ஒன்பது மணிக்கு.

அன்று மத்தியானம் மோட்டார், பேட்டரி எல்லாம் பூட்டி, எதிரே ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் பழைய இரும்புக்கடைத் தராசில் வைத்தார்கள். பதினாறு கிலோ நூறு.

"ஏலே, நல்ல எடை. இங்கனயே போட்டுட்டுப் போங்க," என்றார் அண்ணாச்சி.

பட்டறைக்குத் தூக்கி வந்து நீளத் திருகாணிகளை வெட்டினார்கள். மேல்தகட்டில் துளை போட்டார்கள். வயரைக் குறுக்கினார்கள். அத்தனைக்கும் தொண்ணூறு கிராம்தான் குறைந்தது.

"கணக்குப் போட்டது நீதான," என்றான் முகுந்தன். "பதினஞ்சுக்குள்ள வருதுன்னியே."

"மூணு தடவ கூட்டினேன்ல."

"அப்ப மூணு தடவையும் தப்பு."

ப்ரீதா தரையில் உட்கார்ந்து நாலாம் தடவை கூட்ட ஆரம்பித்தாள். தேன்மொழி கிரைண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை. நான் கஞ்சிப் பாத்திரத்தோடு வந்தபோது என்னைப் பார்த்தாள். நான் பாத்திரத்தைக் கழுவப் போனேன்.

"பாப்பா, ஒங்கணக்கு சரிதான்," என்று தேன்மொழியின் குரல் பின்னால் கேட்டது. "நீளவாக்குல நாலு குழாய் இருக்குல்லா, உள்ளுக்குக் கெட்டிக் கம்பி கெடக்கு. நாந்தான் போட்டேன்."

"எதுக்குக்கா?" என்றாள் ப்ரீதா.

"ஒடஞ்சா என்னயத்தான சொல்லுவாங்க."

ப்ரீதா முகுந்தனைப் பார்த்தாள். "போய் நாலு பேருக்கும் டீ வாங்கிட்டு வா."

மோட்டாரையும் பேட்டரியையும் கழற்றி, மூடிகளை அறுத்து, நாலு கம்பிகளையும் தேன்மொழியே உருவினாள். சட்டம் தாங்குமா என்பதுதான் அவள் கவலை. முழங்கால் உயரம் தூக்கிச் சிமெண்டுத் தரையில் ஒவ்வொரு மூலையாகப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் பற்றவைத்த இடங்களை விரலால் தடவிப் பார்த்தாள். எங்கும் விரிசல் இல்லை. ஐந்தாவது தடவை இடுப்புக்கு மேல் தூக்கினாள். டீயோடு நின்ற முகுந்தன், "போதும்க்கா, நாளைக்குச் சண்டை போடக் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றான்.

பொழுது சாயும் முன் எல்லாவற்றையும் பூட்டி மறுபடி தராசில் வைத்தார்கள். பதினாலு கிலோ எழுநூற்று எண்பது. உருவிய கம்பிகளை அண்ணாச்சி கேட்டார். நான் கொடுக்க விடவில்லை. அம்மாவின் கட்டிலுக்குத் தடுப்பு வேண்டும் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு ப்ரீதா போன் செய்தாள். எடையில் தேறிவிட்டது, சீட்டு ஒட்டிவிட்டார்கள், பதினோரு மணிக்கு முதல் சண்டை. "சரி பாப்பா," என்று தேன்மொழி போனை வைத்தாள். பாதியில் கிடந்த கேட்டை மேஜைமேல் தூக்கிப் போட்டு, மூடிகளை அறுத்துக் கம்பிகளை உருவினாள். கீல் பக்கத்தில் இருந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள்.