மனோர் பார்க்கில் இருந்து மோர்டனுக்கு, ஓடாத காரோடு

போன செப்டெம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, மனோர் பார்க்கில் என் அண்ணையின் கராஜுக்குள் இரண்டு வருடமாக அசையாமல் நின்ற காரை மோர்டனில் இருக்கும் எங்கள் வீட்டுப் பக்கம் கொண்டுவந்தோம். தூரம் கிட்டத்தட்டப் பதினாறு மைல். இதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் பாரிசுக்கும் போயிருக்கிறேன், ரோமுக்கும் போயிருக்கிறேன். இந்தப் பதினாறு மைல் போல எதுவும் என்னைப் படுத்தியதில்லை. பழைய காரை இழுத்துக்கொண்டு போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவட்டுமே என்று எழுதுகிறேன்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அண்ணை கனடாவுக்கு, மகனோடு இருக்க, ஒரேயடியாகப் போவதாக இருந்தார். வீடு விற்றாகிவிட்டது. அடுத்து வரும் புதன்கிழமை வாங்கியவர்களிடம் வீட்டைக் கொடுக்கவேண்டியிருந்தது. தளபாடம் எல்லாம் போய்விட்டது, கார்தான் மிச்சம். இருபது வருடத்துக்கு முன் அதே வீட்டில் எங்கள் இரண்டு குடும்பமும் ஒன்றாக இருந்தபோது, பாதிப் பாதி போட்டு வாங்கிய சின்ன வெள்ளி நிறக் கார் அது. நாங்கள் மோர்டனுக்கு வந்தபோது கார் அண்ணையோடு நின்றுவிட்டது. அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதில்தான். அண்ணி போன பிறகு அண்ணை அதைத் தொடவே இல்லை.

"ஸ்க்ராப்காரனுக்குச் சொல்லுவம் பிள்ளை. உது இனி ஓடாது" என்றார் அண்ணை.

எனக்கோ மனம் கேட்கவில்லை. அண்ணை போனால் லண்டனில் எனக்குக் கூடப்பிறந்தவர் என்று ஒருவரும் இல்லை. அவர் விட்டுப் போகக்கூடியது இந்தக் கார் ஒன்றுதான். எனக்கு அது வேண்டும், அவ்வளவுதான். என் கணவர் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: "எம்ஓடி பாஸ் பண்ணினால் வச்சிருப்பம். பாஸ் பண்ணாட்டி நேரை ஸ்க்ராப். பேந்து அழப்படாது." எம்ஓடி என்பது இங்கே பழைய கார்களுக்கு வருடாவருடம் நடக்கும் பாதுகாப்புச் சோதனை. மோர்டனில் தெரிந்த ஒரு கராஜில் அந்தச் சனிக்கிழமைக்கே பதிந்து வைத்தோம். காரை முதலில் திருத்தி, பிறகு சோதிப்பதாகப் பேச்சு.

இந்தப் பதிவு முக்கியம். வரி கட்டாமல், ஓடவில்லை என்று அறிவித்துவிட்ட காரை ரோட்டில் இறக்குவதென்றால், முன்கூட்டியே பதிந்த சோதனைக்குப் போவதாக இருக்கவேண்டும். காப்புறுதியும் வேண்டும். கயிற்றில் இழுத்தால் இரண்டு காருக்கும் நடுவில் நாலரை மீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் என்றால் கயிற்றில் கண்ணுக்குத் தெரிகிற நிறத்தில் துணி கட்டவேண்டும். இழுபடும் காரின் பின்னால் அறிவிப்பு மாட்டவேண்டும், உள்ளே லைசென்ஸ் உள்ள ஒருவர் இருந்து ஸ்டியரிங் பிடிக்கவேண்டும். நாங்கள் விளங்கிக்கொண்டது இவ்வளவு. நீங்கள் போகும்போது விதியை ஒருமுறை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், என்னை நம்பி மாட்டுப்படவேண்டாம்.

காலை ஒன்பது மணிக்கு மனோர் பார்க் போய்ச் சேர்ந்தோம். காற்று இறங்கிய டயர்களுக்குக் காற்று அடித்தோம். கடன் வாங்கிய பட்டரி ஒன்றைப் போட்டதும் விளக்குகள் எரிந்தன. பெற்றோல் பம்ப் செத்துப்போனதால் இயந்திரம் மட்டும் கிளம்பவில்லை. முன் பம்பரில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைக் கழற்றி, காரோடு வரும் இரும்பு வளையத்தைத் திருகி, அதில்தான் கயிறு கட்டவேண்டும். வளையம் ஸ்பெயர் டயருக்குக் கீழே கிடந்தது. பக்கத்தில் எங்கள் பிள்ளைகள் குழந்தையாக இருந்தபோது தொலைத்த ஒற்றைச் சப்பாத்தும் கிடந்தது. அதை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன். கயிற்றில் கட்ட நிறத்துணி தேடியபோது அண்ணை உள்ளே போய் அண்ணியின் சிவப்பு நூல்சேலை ஒன்றைக் கொண்டுவந்து, ஓரத்தைக் கிழித்துக் கட்டினார்.

அண்ணை பின் காரில், இவர் எங்கள் பெரிய காரை ஓட்ட, நான் பின்சீட்டில் திரும்பி இருந்து அண்ணையைப் பார்த்தபடி. ஏற்பாடு அதுதான். புறப்படும் நேரத்தில் அண்ணை ஒரு குண்டைப் போட்டார்.

"கோயிலுக்குப் போட்டுப் போவம்."

"மச்சான், டெஸ்டுக்குப் போற கார். நேரை போகவேணும். வழியிலை கோயில் எண்டு பொலிசுக்குச் சொல்ல ஏலுமோ?" என்றார் இவர்.

"வாங்கினவுடனை அங்கைதான் கொண்டு போனது. இப்ப கை மாறுது. முருகனுக்குக் காட்டாமல் அனுப்பமாட்டன்."

சேர்ச் ரோட்டு முருகன் கோயில் ஒரு மைலும் இல்லை. இவர் சொன்னதுதான் சரி, ஆனால் அன்றைக்கு அண்ணைக்கு இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? மெதுவாக இழுத்துப் போனோம். இதில் ஒரு விஷயம் தெரியவேண்டும்: இயந்திரம் ஓடாத காரில் பிரேக் கல்லு மாதிரி இருக்கும், ஸ்டியரிங்கும் பாரமாக இருக்கும். கயிறு தளராமல் இருக்கப் பின் காரில் இருப்பவர்தான் பிரேக்கை மெதுவாகத் தொட்டுத் தொட்டுப் பிடிக்கவேண்டும். அண்ணை அருமையாகப் பிடித்தார். அந்தக் காரின் குணம் அவருக்குத் தெரியாதா என்ன.

கோயில் வாசலில் ஐயர் வந்தார். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: கார்த் திறப்பை, அதாவது சாவியை, எடுத்துத் தட்டில் வைக்கவேண்டும். அண்ணை திறப்பை உருவி வைத்தார். பூசை முடிந்து, கற்பூரம் காட்டி, பொனட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சங்காய் வைத்தாயிற்று. ஐயர் திறப்பை நூல் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். அண்ணை அதைக் கண்ணில் ஒற்றி, விபூதிப் பொட்டலத்தோடு சட்டைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு ஏறினார். ஓடுகிற காராக இருந்தால் ஸ்டார்ட் பண்ணவாவது திறப்பை மாட்டியிருப்பார். இது இழுபடுகிற கார்தானே. கார் நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டில் நிற்கிறோம் என்று இவர் வேறு அவசரப்படுத்தினார்.

எலுமிச்சங்காய் நாலும் நசிந்தன. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! கண்ணாடிக்குள்ளால் அண்ணைக்குப் பெருவிரலைக் காட்டினேன்.

அடுத்த திருப்பத்தில் இவர் இடப்பக்கம் திருப்பினார். அண்ணை திருப்பவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கிறார், முகம் மாறிவிட்டது, கார் நேரே வருகிறது. நேரே நடைபாதை. நடைபாதையில் ஒரு பெண் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறாள்.

"ஐயோ, இஞ்சருங்கோ, நிப்பாட்டுங்கோ!" என்று நான் கத்தியது அந்தத் தெரு முழுவதும் கேட்டிருக்கும். கயிறு விறைத்து, படார் என்று அறுந்தது. கார் ஒரு சக்கரத்தை நடைபாதையில் ஏற்றி நின்றது. அந்தப் பெண்ணுக்கும் காருக்கும் நடுவில் இரண்டு ஆள் நிற்கலாம், அதற்குமேல் இடமில்லை. அவள் எங்களைப் பார்த்துச் சொன்ன ஆங்கிலத்தை இங்கே எழுதமுடியாது. நியாயமான கோபம். நான் கையெடுத்துக் கும்பிட்டே விட்டேன்.

அண்ணை இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொக்கற்றைத் தடவிப் பார்த்தார்.

"திறப்பு என்ரை பொக்கற்றுக்கை பிள்ளை."

திறப்பை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். திருட்டுக்குப் பயந்து செய்த பூட்டு. காரை இழுக்கும்போது திறப்பு மாட்டி, பூட்டு விடுபடும்வரை திருப்பி வைத்திருக்கவேண்டும். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவருக்கும் அந்த நேரம் ஓடவில்லை. முருகன்தான் காப்பாற்றினார் என்று அண்ணை, அங்கே போனதால்தான் வந்தது என்று இவர், இரண்டு பேரும் வாயை மூடுங்கோ என்று நான்.

கயிற்று வேலை அதோடு முடிந்தது. மீட்பு லொறி ஒன்றைக் கூப்பிட்டோம். நூற்றெண்பது பவுண்ட் கேட்டார்கள். முதலே கொடுத்திருக்கலாம். ஓட்டிவந்தவர் மதுரைக்காரர், செல்வம் என்று பெயர்.

"லண்டன் டிராபிக்ல கயிறு போட்டுப் பதினாறு மைலா? நல்ல தைரியங்க உங்களுக்கு" என்று சிரித்தார்.

"தைரியம் இல்லைத் தம்பி, விசர். உங்கடை பாஷையிலை பைத்தியம்" என்றார் அண்ணை.

திறப்பை மாட்டச் சொல்லி, வின்ச் கம்பியை அந்த வளையத்தில் கொளுவி, காரை மேலே ஏற்றினார். நாலு டயருக்கும் மேலால் பட்டி போட்டு இறுக்கினார், ஹாண்ட் பிரேக் போட்டு கியரிலும் விட்டார். அண்ணையும் நானும் லொறிக்குள் ஏறினோம். இவர் எங்கள் காரில் பின்னால் வந்தார். ஸ்ட்ராட்போர்டில் செல்வம் ஓரங்கட்டிப் பட்டிகளை மறுபடி இறுக்கினார். முதல் சில மைலுக்குள் கட்டாயம் தளருமாம்.

போ என்ற பகுதி, மைல் எண்ட், டவர் பாலம், எலிபன்ட், கிளாப்பம். பன்னிரண்டரை மணி சனிக்கிழமை நெரிசல், ஊர்ந்துதான் போனோம். உயரத்தில் இருந்து பார்க்கும்போது லண்டன் வேறு மாதிரித் தெரிகிறது. மைல் எண்டில் அண்ணை இரவு ஷிப்ட் செய்த பெற்றோல் நிலையம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. "விடிய ஆறு மணிக்கு நீ ரெண்டு பிள்ளையளையும் பின்னாலை வச்சுக்கொண்டு என்னை ஏத்த வருவாய்" என்றார். நான் அப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருந்தேன். பாதி வழி செகண்ட் கியரிலேயே வருவேன்.

டூட்டிங்கில் லொறி அரைமணி நேரம் நகரவில்லை. இதே ரோட்டில்தான் ஒரு கலியாணத்துக்குப் போகும் வழியில் பனியில் கார் நின்றுபோய், அண்ணியும் நானும் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினோம். அண்ணை உள்ளே இருந்து "தள்ளுங்கோ, தள்ளுங்கோ" என்று சத்தம் போட, அண்ணி "நீங்கள் இறங்கித் தள்ளிப் பாருங்கோ, தெரியும்" என்று திட்ட, நான் சிரித்துச் சிரித்துப் பனியிலேயே குந்திவிட்டேன். அதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம்.

"போகத்தான் வேணுமோ அண்ணை?"

"பேரப்பிள்ளையள் அங்கை. அவள் இல்லாத வீட்டிலை தனிய என்னத்தைச் செய்யிறது?"

செல்வம் வானொலியைக் கொஞ்சம் கூட்டினார். நல்ல மனிதர்.

காரைக் கராஜில் இறக்கினோம். பம்ப் மாற்றினார்கள். பிற்பகல் சோதனையில் கார் தோற்றது. டயர் நாலும் வெடிப்பு, பிரேக் தட்டுகள் துருப்பிடித்துப் போயிருந்தன. இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்க்கவே இல்லை. கடைசியில் அவரே போய் "எவ்வளவு முடியும்?" என்று கேட்டார். அறுநூற்று நாற்பது பவுண்ட். செவ்வாய்க்கிழமை மறுபடி சோதித்து, பாஸ்.

இதேபோல ஒரு காரை எடுக்கப் போகிறவர்களே, சுருக்கமாகச் சொல்கிறேன்: கயிறு வேண்டாம், லொறி கூப்பிடுங்கள். தானியங்கிக் கியர் கார் என்றால் சக்கரம் தரையில் உருள இழுக்கவே வேண்டாம், கியர்பெட்டி போய்விடும். நிற்கிற காரை மாதத்தில் இரண்டு தரமாவது அரைமணி நேரம் ஓட்டுங்கள், சும்மா ஸ்டார்ட் பண்ணி நிற்பாட்டுவதில் பிரயோசனம் இல்லை. அப்படி ஓட்டியிருந்தால் பிரேக் தட்டுகளாவது மிஞ்சியிருக்கும். பூசை செய்யுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். திறப்பைத் திரும்ப மாட்டிவிட்டு ஏறுங்கள்.

வியாழக்கிழமை அண்ணையின் விமானம். வரி, காப்புறுதி எல்லாம் சரி செய்து, ஹீத்ரோவுக்கு அவரே அந்தக் காரை ஓட்டினார். நான் பக்கத்தில். அந்தக் காரில் எத்தனை பேரை ஹீத்ரோவில் இருந்து கூட்டிக்கொண்டு வந்திருக்கிறோம்! ஒருவரையும் கொண்டுபோய் விட்டதில்லை. இறக்கிவிடும் இடத்தில் அதிக நேரம் நிற்க விடமாட்டார்கள். பெட்டியை இறக்கினார், திறப்பு மாட்டியபடியே இருந்தது. நான் சுற்றிவந்து ஓட்டுநர் சீட்டில் ஏறி இருந்தேன். அண்ணை ஆறடி, நான் ஐந்தடி. காலை நீட்டினால் நுனிவிரல்தான் பிரேக்கில் பட்டது.

அண்ணை ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"சீட்டை முன்னுக்கு இழு பிள்ளை."

"வேண்டாம் அண்ணை. நீங்கள் வச்ச மாதிரியே இருக்கட்டும். முதுகுக்கு என்ரை ஜக்கெற்றை வைக்கிறன்."

"விசர்க்கதை. அண்டைக்கு நான் பிரேக்கிலை ரெண்டு காலாலையும் ஏறி நிண்டபடியாத்தான் கார் நிண்டது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கதவைத் திறந்து, குனிந்து, சீட்டுக்குக் கீழே இருந்த கம்பியைத் தூக்கிப் பிடித்தார்.

"ம், இழு."

இழுத்தேன்.

"மிதி பாப்பம். முழுக்க."

முழுக்க மிதித்தேன்.

"சரி. இப்ப போ."

பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். நான் இண்டிகேட்டர் போட்டு வெளியே எடுக்கும்வரை அண்ணை உள்ளே போகவில்லை, பெட்டியைப் பிடித்தபடி சக்கரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.